மூன்றாவது பனடோல் பெட்டி: வெளிநாட்டில் மருந்து வாங்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

பிரித்தானியாவில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் மூன்று பெட்டி பரசிற்றமோல் எடுத்துக்கொண்டு காசாளரிடம் போனால், இரண்டு பெட்டிக்குத்தான் பணம் எடுப்பார்கள். மூன்றாவதைத் திருப்பி வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளில்லாத தானியங்கிக் கவுண்டர் என்றால், ஊழியர் ஒருவர் வந்து பார்க்கும்வரை இயந்திரம் நின்றுவிடும். ஊரிலிருந்து புதிதாகப் போனவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லும் முதல் முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று. "ஒரு பனடோல் வாங்கவும் இந்த நாட்டில கணக்குக் கேக்கிறாங்கள்."

அவர்கள் எரிச்சலடைவதில் நியாயம் இருக்கிறது. இங்கே சந்திக் கடையில் சீனி, தேயிலையோடு பனடோலும் விற்கிறது. அட்டையிலிருந்து இரண்டு குளிசையைக் கத்தரியால் வெட்டித் தருவார்கள். பாமசிக்குப் போய் "தொண்டை நோ" என்றால் அமொக்சிசிலினும், "முதுகு நோ" என்றால் டைக்ளோபெனக்கும் கையில் கிடைத்துவிடும். இவை வைத்தியரின் சிட்டை இல்லாமல் விற்கக்கூடாதவை என்பது சட்டம். சட்டம் இருக்கிறது, விற்பனையும் நடக்கிறது. இப்படி வளர்ந்த ஒருவருக்கு, 16 குளிசைக்கு மேல் ஒரு பெட்டியில் இருக்கக்கூடாது என்ற விதி கஞ்சத்தனமாகவோ அதிகாரத்திமிராகவோதான் தெரியும்.

அந்த 16 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1998 செப்டெம்பரில் பிரித்தானியா பரசிற்றமோல் பெட்டிகளின் அளவைச் சட்டத்தால் குறைத்தது. சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 குளிசை, மருந்தகத்தில் 32. சிட்டை இல்லாமல் ஒரே தடவையில் 100 குளிசைக்கு மேல் விற்பது குற்றம். 'இரண்டு பெட்டி மட்டும்' என்பது சட்டமல்ல, அதற்குமேல் கடைகள் கடைப்பிடிக்கும் வழிகாட்டல். காரணம் வலிக்குரிய மருந்தின் தட்டுப்பாடோ இலாபமோ அல்ல. வீட்டு அலுமாரியில் இருக்கும் பரசிற்றமோலை மனமுடைந்த ஒரு பொழுதில் அளவுக்கு மீறி எடுத்து, ஈரல் செயலிழந்து இறந்தவர்களின் தொகை அப்போது அங்கே மிக அதிகமாக இருந்தது.

ஒரு கடையில் கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகமாட்டார்களா என்று அப்போதும் கேட்டார்கள். பெரும்பாலானோர் போகவில்லை என்பதுதான் விடை. அப்படியான மனநிலை பெரும்பாலும் நீடிப்பதில்லை, அந்த நேரத்தில் கைக்கு எட்டியதுதான் எடுக்கப்படுகிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கீத் ஹோட்டனும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சட்டம் வந்தபின்னரான ஏறத்தாழ 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பரசிற்றமோலால் நிகழ்ந்த மரணங்கள் 43 வீதம் குறைந்தன. எதிர்பார்த்ததைவிட 765 மரணங்கள் குறைவு. இந்தக் காரணத்தால் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பதியப்படுவோர் தொகையும் 61 வீதம் குறைந்தது.

இதை விளங்கிக்கொள்ள நாம் இலண்டனுக்குப் போகவேண்டியதில்லை. 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். வன்னியிலும் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வீட்டுக்கு வீடு களஞ்சியத்தில் பூச்சிமருந்துப் போத்தல் இருந்த காலம் அது. அந்த ஆண்டில் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் முதலான அதிநச்சுப் பூச்சிமருந்துகளும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. 2008இலிருந்து பரகுவாட், டைமெத்தோவேட், பெந்தியோன் ஆகியவை படிப்படியாக நீக்கப்பட்டன. யுத்தம் நின்றதாலோ வறுமை தீர்ந்ததாலோ அல்ல, அவை இரண்டும் இருந்துகொண்டிருந்தபோதே, 2005 ஆகும்போது அந்த வீதம் பாதியாகிவிட்டது. 1995 முதல் 2015 வரையான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் இவ்வாறு தப்பின என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. உலகப் பொதுச் சுகாதாரப் பாடங்களில் இலங்கையின் பெயர் பெருமையோடு உச்சரிக்கப்படும் சில இடங்களில் இதுவும் ஒன்று. அதை நம்மில் பலர் அறியாதிருப்பது வேறு கதை. (இந்தப் பந்தியை வாசிக்கையில் யாருக்காவது மனம் கனத்தால், தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையின் இலக்கம் 1926.)

அதாவது, இங்கிலாந்துக் கடைக்காரர் மூன்றாவது பெட்டியைத் திருப்பி வைப்பதும், கிளிநொச்சி விவசாயி பரகுவாட் கேட்டபோது 'இப்ப வாறேல்ல' என்று கடைக்காரர் சொன்னதும் ஒரே தத்துவம். ஆபத்தானதைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது.

எல்லா நாடும் ஒரே மாதிரித் தள்ளி வைப்பதில்லை என்பதுதான் புலம்பெயர்ந்தவர்களைக் குழப்புகிறது. பிரான்சில் சுப்பர்மார்க்கெட்டில் பரசிற்றமோலே கிடையாது. பச்சைச் சிலுவை எரியும் மருந்தகத்துக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் 2020 ஜனவரியிலிருந்து பரசிற்றமோல், இபுபுரூபென், அஸ்பிரின் மூன்றும் நாமே எடுக்கக்கூடிய தட்டிலிருந்து அகற்றப்பட்டு, மருந்தாளரிடம் கேட்டு வாங்கவேண்டியவை ஆகிவிட்டன. ஜேர்மனியிலும் மருந்தகத்தில் மட்டும்தான். 500 மில்லிகிராம் குளிசை 20க்கு மேற்பட்ட பெட்டிக்கு 2009இலிருந்து சிட்டை தேவை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் அன்றைய முறைக்குரிய மருந்தகம் எங்கே என்று தேடிப்போய், மேலதிகக் கட்டணமும் கொடுக்கவேண்டும். அவுஸ்திரேலியா 2025 பெப்ரவரியில் கடைகளுக்கான பெட்டியை 20இலிருந்து 16 ஆகக் குறைத்தது. கனடாவிலோ நூற்றுக்கணக்கான குளிசை கொண்ட போத்தலைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் அங்கே அதன் பெயர் அசிட்டமினோபென், போத்தலில் பெரிதாக எழுதியிருப்பது டைலனோல். பனடோலைத் தேடிக் களைத்த அம்மா ஒருவர் இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அவரைக் குறைசொல்ல முடியுமா? தடிமனுக்கென்று விற்கும் தூள்களுக்குள்ளும் அதே பரசிற்றமோல்தான் பெரும்பாலும் இருக்கிறது என்பது பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பரசிற்றமோல் ஒன்றுதான் இப்படி என்றில்லை. கோடீன் கலந்த வலிநிவாரணிகளை அவுஸ்திரேலியா 2018 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து சிட்டைக்குரியதாக்கியது. பிரான்ஸ் அதற்கு முந்திய ஆண்டு, பதின்ம வயதினர் கோடீன் பாணியைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து இறந்தபின், ஒரே உத்தரவில் அதைச் செய்தது. கனடாவின் ஒன்ராறியோவில் குறைந்த அளவு கோடீன் மருந்தாளரிடம் கேட்டால் கிடைக்கும், மனிடோபாவில் 2016இலிருந்து சிட்டை வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். நாம் இங்கே சாதாரணமாகக் கேட்டு வாங்கும் டைக்ளோபெனக் குளிசை பிரித்தானியாவில் 2015 ஜனவரியிலிருந்து சிட்டையில்லாமல் கிடையாது. வாந்திக்கு எடுக்கும் டொம்பெரிடோன் 2014இலிருந்து அப்படித்தான். இரண்டுக்கும் காரணம் இதயத்துக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு. மூக்கடைப்புக்குரிய சூடோஎபெட்ரினை அமெரிக்கா கவுண்டருக்குப் பின்னால் வைத்து, அடையாள அட்டை பார்த்துப் பதிந்து விற்பதற்குக் காரணம் அதிலிருந்து மெதம்பெட்டமைன் காய்ச்சுகிறார்கள் என்பது. தற்கொலை, அடிமைத்தனம், இதயநோய், போதைப்பொருள் உற்பத்தி என்று ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒவ்வொரு பயம் இருக்கிறது. வாங்க வந்தவருக்கோ எல்லாம் ஒரே 'இல்லை'தான்.

இந்த விதிகளை நான் குறைசொல்லவில்லை. பெரும்பாலானவை உயிர் காத்த விதிகள். ஆனால் அவை ஒரு நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டவை: முன்கதவு பூட்டியிருந்தாலும் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. கடையில் கிடைக்காவிட்டால் மருந்தாளரைக் கேட்கலாம், அவரால் முடியாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் போகலாம். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31இலிருந்து தொண்டை நோ, காது நோ, பெண்களுக்கான சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு நோய்களுக்கு, வைத்தியரைப் பார்க்காமலே மருந்தாளர் பரிசோதித்து, தேவைப்பட்டால் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் பயன்படுத்த மருந்தாளரிடம் "எத்தனை நாளாக, எந்த இடத்தில், வேறென்ன மருந்து எடுக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவேண்டும். பக்கத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் சிறுநீர்த் தொற்றைப் பற்றிப் பேசும் துணிவும் வேண்டும். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த பலரும் பத்து வயதுப் பேரப்பிள்ளையைத்தான் மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகிறார்கள்.

அந்தப் பக்கக் கதவு யாருக்குத் திறக்கவில்லை என்று பார்த்தால், மூன்று வகையினர் கண்ணில் படுவார்கள். ஒன்று, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். பிரித்தானியாவில் 2024இல் அவர்களுக்கு வாரத்துக்கு 49.18 பவுண், சாப்பாடு தரும் விடுதியில் இருப்பவருக்கு 8.86 பவுண் மட்டும். சிட்டையோடு வரும் மருந்து அவர்களுக்கு இலவசம். ஆனால் தடிமன், தலையிடி, தோல் அரிப்பு போன்ற சிறு நோய்களுக்குக் கடையில் வாங்கக்கூடிய மருந்துகளைச் சிட்டையில் எழுதவேண்டாம் என்று இங்கிலாந்தின் சுகாதார சேவை 2018இல் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. கடையில் வாங்கு என்று வைத்தியர் சொல்கிறார். கையில் இருப்பது எட்டுப் பவுண்.

இரண்டாவது, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர். கனடாவுக்கு 'சுப்பர் விசா'வில் போகும் தாய் தந்தையர் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்துத்தான் போகவேண்டும். ஏற்கனவே இருக்கும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான அன்றாடக் குளிசைகளுக்கு அந்தக் காப்புறுதியை நம்ப முடியாது. ஆகவே ஆறு மாதத்துக்குரிய மருந்து யாழ்ப்பாணத்திலேயே வாங்கி சூட்கேசுக்குள் போகிறது. அதோடு 'பிள்ளைகளுக்கும் உதவும்' என்று நாலு அட்டை அமொக்சிசிலினும், ஒரு போத்தல் இருமல் பாணியும். மிளகாய்த்தூளுக்கும் ஒடியல்மாவுக்கும் இடையில் மருந்து வைக்காத சூட்கேஸ் கட்டுநாயக்காவில் எத்தனை இருக்கும்? ரொறன்ரோவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வைத்தியரிடம் போகமுன் அம்மம்மாவின் சூட்கேசைத் திறக்கும் வீடுகள் இருக்கின்றன. வைரஸ் காய்ச்சலுக்கு அமொக்சிசிலின் எதுவும் செய்யாது. பாதியில் நிறுத்திய மீதிக் குளிசைகள் அடுத்த பிள்ளைக்குப் போகும்போது, கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும் பிரச்சினை ஒரு வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது வகையினருக்கு இது எரிச்சலோ செலவோ அல்ல, சிறை. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

வளைகுடா நாடுகள் பலவற்றில் கோடீன், ட்ரமடோல், பிரிகபலின், டயசிப்பாம், அல்பிரசோலாம் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஐக்கிய அரபு இராச்சியத்துக்குள் இவற்றைச் சொந்தப் பாவனைக்குக் கொண்டுபோவதற்கும், பயணத்துக்கு முன் இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். வைத்தியரின் சிட்டையும் வேண்டும். அனுமதியில்லாமல் பிடிபட்டால் அது போதைப்பொருள் வழக்கு. இந்தப் பட்டியலில் உள்ளவற்றில் பல, நரம்பு நோவுக்கும் முதுகு நோவுக்கும் நித்திரையின்மைக்கும் இங்கே வைத்தியர்கள் சாதாரணமாக எழுதுபவை. பிரிகபலின் போதைக்குப் பயன்படுவதும், பொலிஸார் அதைக் கைப்பற்றுவதும் இப்போது இங்கேயும் அன்றாடச் செய்தி. ஆனால் அதையே வைத்தியர் எழுதிக்கொடுத்து நேர்மையாக எடுக்கும் ஒரு பெண், நாளை றியாத்துக்கோ தோஹாவுக்கோ விமானம் ஏறும்போது, தன் கைப்பையில் இருப்பது எந்த நாட்டில் என்ன பெயரால் அழைக்கப்படும் என்று எப்படி அறிவாள்?

வலிமையான கடவுச்சீட்டும் இதில் காப்பாற்றுவதில்லை. 2017 ஒக்டோபரில் பிரித்தானியப் பெண் ஒருவர் எகிப்துக்கு 290 ட்ரமடோல் குளிசைகளோடு போய் விமான நிலையத்தில் கைதானார். துணைவரின் முதுகு நோவுக்காகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். அந்த ஆண்டு டிசெம்பரில் மூன்று வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானியப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, தூதரகம் முயன்றது. ஆனாலும் அவர் 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார். அவருக்காக எழுதியதுபோல் மட்டக்களப்பிலிருந்தோ குருநாகலிலிருந்தோ போன ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுக்காக யார் எழுதுவார்கள்?

அந்தப் பெண் ஏன் மருந்தைக் கொண்டுபோகிறாள் என்பதையும் பார்க்கவேண்டும். அங்கே பக்கக் கதவு கிடையாது. வாரத்தில் ஒரு நாள் லீவு இல்லாத வீட்டில் வேலை செய்பவரால் வைத்தியரிடம் போக முதலாளி விடவேண்டும், கூட்டிப்போகவேண்டும், பணமும் கொடுக்கவேண்டும். கட்டட வேலைக்குப் போனவர் முதுகு நோவுக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இதெல்லாம் முன்னர் போய்வந்தவர்கள் சொல்லித் தெரிந்த விடயங்கள்தான். அதனால்தான் "மருந்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போ" என்று அயலட்டை புத்தி சொல்கிறது. அந்தப் புத்தி, சொல்பவரின் அனுபவத்தில் சரியானதே. இங்கிலாந்தில் 16 குளிசை விதி ஒருவரைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் அங்கே வேறு வழி இருக்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் விதிக்கப்படும் கட்டுப்பாடு மனிதரைச் சூட்கேசுக்குத் தள்ளுகிறது. பிறகு அந்தச் சூட்கேசுக்காகவே தண்டிக்கிறது.

கட்டாரிலுள்ள இந்தியத் தூதரகம் எந்தெந்த மருந்துகளைக் கொண்டுவரக்கூடாது என்று பெயர்களைக் குறிப்பிட்டே தன் பிரஜைகளுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டிருக்கிறது. இலங்கையில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயணத்துக்கு முந்திய பயிற்சி இருக்கிறது, மருத்துவப் பரிசோதனையும் இருக்கிறது. அந்தப் பரிசோதனையின்போதே அவர் எடுக்கும் மருந்துகள் எவை, போகும் நாட்டில் அவற்றின் நிலை என்ன என்று ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்பதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அனுப்பும் பணத்தை நம்பி ஓடும் நாடு, அவர்களுக்கு ஒரு தாள் கடன்பட்டிருக்கிறது.

மருந்து எல்லை தாண்டுவதைப் பற்றிப் பேசும்போது 2022ஐ மறக்கமுடியாது. டொலர் இல்லாமல் நமது வைத்தியசாலைகளில் அடிப்படை மருந்துகளே முடிந்துபோன அந்த ஆண்டில், வெளிநாடுகளில் இருந்தவர்கள் தங்கள் கடைகளில் தரும் இரண்டு இரண்டு பெட்டியாகச் சேர்த்து இங்கே அனுப்பினார்கள். அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் கனடாவில் குழந்தைகளின் காய்ச்சல் பாணி தட்டுப்பாடாகி, பெற்றோர் எல்லை கடந்து அமெரிக்கக் கடைகளில் தேடி அலைந்தார்கள். கனேடிய மருந்தகங்கள் கையிருப்பைக் கவுண்டருக்குப் பின்னால் எடுத்துவைத்து அளந்து கொடுத்தன. எவ்வளவு பெரிய நாட்டுக்கும் இது வரும்.

போகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மருந்தை அதன் மூலப் பெட்டியிலேயே வைத்திருப்பது, வியாபாரப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதிய சிட்டையைக் கூடவே வைத்திருப்பது, போகும் நாட்டின் சுகாதார அமைச்சு அல்லது தூதரகத்தின் பட்டியலைப் பயணச்சீட்டு எடுக்கமுன் பார்ப்பது, மற்றவருக்காக எந்த மருந்தையும் ஏற்காமல் இருப்பது. யப்பானுக்கு மொழி படிக்கவும் வேலைக்கும் இப்போது அதிகம் பேர் போகிறார்கள். அங்கே சிட்டை மருந்து ஒரு மாதத்துக்குரியது, சிட்டையில்லாமல் வாங்கும் மருந்து இரண்டு மாதத்துக்குரியது. அதற்குமேல் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

ஆனால் மூலப் பெட்டியோடு கொண்டுபோ என்று சொல்லும்போதுதான் நமது பக்கத்துக் குறை ஒன்று வெளியே தெரிகிறது. இங்கே வெளிநோயாளர் பிரிவிலும் பல தனியார் டிஸ்பென்சரிகளிலும் மருந்து பெட்டியில் வருவதில்லை. சின்னக் கடதாசி உறையில் எண்ணிப் போட்டுத் தருவார்கள். உறையின்மேல் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று பேனையால் எழுதியிருக்கும். எத்தனையோ உறைகளில் மருந்தின் பெயர் இருக்காது. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று இலண்டன் மருந்தாளர் கேட்டால், நம் அம்மா "வெள்ளையில் ஒன்று, ரோசாவில் ஒன்று" என்றுதான் சொல்லமுடியும். அதே உறையைத் துபாய் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி திறந்து பார்த்தால், அவருக்குத் தெரிவது பெயரில்லாத வெள்ளைக் குளிசைகள் முப்பது.